விஷமீன் ஒன்று, விஷமில்லாத மீன் ஒன்று: குட்டைக்கு எது ஆபத்து?

"எனது பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன். எப்படியோ ஜிலேபி மீன் நுழைந்து பெருகிவிட்டது. கெண்டைகள் எடை ஏறவில்லை. 'பீகாக் பாஸ்' என்ற மீனின் குஞ்சுகளை வாங்கி விட்டால் ஜிலேபியைத் தின்று ஒழித்துவிடும் என்கிறார் வண்ணமீன் விற்கும் ஒருவர். அவரிடம் சிங்கமீனும் தொட்டியில் இருக்கிறது. 'அதுதான் விஷமீன், தொடக்கூடாது. பீகாக் பாஸுக்கு விஷமே கிடையாது, பயமில்லாமல் குட்டையில் விடலாம்' என்று சொல்கிறார். விடலாமா?"

இப்படி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சுருக்கமான பதில்: விட வேண்டாம். ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் விஷம் இருந்தால் ஆபத்து, விஷம் இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் பயப்படுகிறோம், பச்சை முக்கோணம் இருந்தால் நிம்மதியாகிறோம். மீனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இந்த இரண்டு மீன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெளிவாகப் புரியும். அதிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இவை இரண்டுமே அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து சேர்ந்திருக்கின்றன. நமக்குப் பாடம் அங்கே இருக்கிறது.

பீகாக் பாஸ்: தூண்டில்காரர்களின் செல்லம்

பெயரில் பாஸ் இருந்தாலும் இது பாஸ் வகை மீன் அல்ல. நம் ஊர் ஜிலேபியும், கேரளத்துக் கரிமீனும் சேர்ந்த சிக்லிட் குடும்பத்து மீன். ஆக, ஜிலேபியை ஒழிக்க வருவது ஜிலேபிக்கே ஒன்றுவிட்ட உறவுதான். சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகள். பிரேசிலில் இதை 'டுக்குனாரே' என்கிறார்கள். வால் அடியில் மயில் தோகைக் கண் போலக் கறுப்பு வட்டமும் அதைச் சுற்றிப் பொன்னிற வளையமும் இருக்கும். அதனால்தான் மயில் என்ற பெயர்.

முழுக்க முழுக்க நன்னீர் மீன். பகலில்தான் வேட்டை. உயிருள்ள மீனைத் துரத்திப் பிடித்து விழுங்கும். தூண்டிலில் மாட்டினால் அவ்வளவு எளிதில் கரைக்கு வராது, இழுத்துப் போராடும். அதனால் தூண்டில் போடுவதை விளையாட்டாக வைத்திருக்கும் வெளிநாட்டவர்கள் இதற்காகவே அமேசானுக்குப் பயணம் போகிறார்கள். இதில் பல இனங்கள் உண்டு. பெரிய இனத்தில் 2010-ல் பிரேசிலில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீன் 13 கிலோவுக்கும் மேல் இருந்தது. சதையும் சுவையானதுதான்.

முட்டையிடும் விதத்தைக் கவனியுங்கள். தண்ணீருக்குள் கெட்டியான தட்டை இடமாகப் பார்த்து முட்டையிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். வேறு மீன் பக்கத்தில் வந்தால் விரட்டும். தாய் தகப்பன் இருவரும் காவல் இருந்தால் குஞ்சுகள் எவ்வளவு தப்பும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விரால் வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

சிங்கமீன்: பவளப்பாறையின் முள் அழகு

சிங்கமீன் கடல்மீன். பவளப்பாறை இடுக்குகளில் இருக்கும். சிவப்பும் வெள்ளையுமாக வரிகள், விசிறி போல விரிந்த துடுப்புகள், முதுகில் நீள நீளமான முட்கள். இந்தியப் பெருங்கடலும் பசிபிக் பெருங்கடலும் இதன் தாய்வீடு. நம் மன்னார் வளைகுடாப் பாறைகளிலும் சிங்கமீன் இனங்கள் உண்டு. அதாவது, இது நம் கடலுக்கு அந்நியன் அல்ல.

இதன் விஷம் முள்ளில் இருக்கிறது. முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, அடித்துடுப்பில் 3 என மொத்தம் 18 விஷமுட்கள். பக்கவாட்டில் விசிறி போல விரியும் துடுப்புகளில் விஷம் இல்லை. பாம்பு கடிப்பது போல இது தேடி வந்து குத்தாது. நாம் மிதித்தாலோ பிடித்தாலோதான் முள் ஏறும். கடுமையான வலி, வீக்கம், சிலருக்குக் குமட்டல், மூச்சுத் திணறல் வரும். உயிர் போவது மிக அரிது. சதையில் விஷம் கிடையாது. முள்ளைக் கத்தரித்துவிட்டுச் சமைத்துச் சாப்பிடலாம், சாப்பிடுகிறார்கள்.

இந்த விஷம் ஒரு வகைப் புரதம். சூடு பட்டால் சிதைந்துவிடும். முதலுதவியும் அதனால்தான் வெந்நீர். நம் வயல் வாய்க்காலில் பிடிக்கும் தேளி மீனின் முள் குத்துக்கும் இதே வைத்தியம் பொருந்தும். கீழே கேள்வி பதிலில் விவரம் தந்திருக்கிறேன்.

ஒரு பார்வையில்

வாழும் நீர்: பீகாக் பாஸ் நன்னீர். சிங்கமீன் கடல்நீர்.

விஷம்: பீகாக் பாஸுக்கு இல்லை. சிங்கமீனுக்கு 18 முட்களில் உண்டு.

வேட்டை: பீகாக் பாஸ் பகலில் துரத்திப் பிடிக்கும். சிங்கமீன் விடியலிலும் அந்தியிலும் துடுப்பை விரித்து, சிறு மீன்களை மூலையில் ஒதுக்கி விழுங்கும்.

முட்டை: பீகாக் பாஸ் ஓரிடத்தில் இட்டுக் காவல் காக்கும். சிங்கமீனின் முட்டைகள் கடலில் மிதந்து போகும். ஒரு பெண் மீன் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் முட்டை இடக்கூடியது.

குளிர்: பீகாக் பாஸ் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தால் சாகத் தொடங்கும். சிங்கமீன் சுமார் 10 டிகிரி வரை தாங்கும்.

பிடிப்பது: பீகாக் பாஸ் தூண்டிலில் மாட்டும். சிங்கமீன் தூண்டிலை அதிகம் தொடாது. மூழ்கிப் போய் ஈட்டியால் குத்தியோ கைவலையால் அள்ளியோ பிடிக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானது: வாயில் அடங்கும் எந்த மீனையும் விழுங்கும். இந்த மீன் வேண்டும், அந்த மீன் வேண்டாம் என்று பார்க்காது.

ஃபுளோரிடாவில் நடந்தது

ஃபுளோரிடாவின் தென்கோடியில் மயாமி நகரைச் சுற்றி ஏராளமான வடிகால் கால்வாய்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கால்வாய்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு வகை ஜிலேபி பெருகி, உள்ளூர் மீன்களுக்கு இடமில்லாமல் செய்தது. அதைத் தின்ன ஒரு மீன் வேண்டும், தூண்டில்காரர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று அந்த மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை யோசித்தது. பல ஆண்டுகள் ஆராய்ந்த பிறகு, 1984-ல் பீகாக் பாஸ் குஞ்சுகளைக் கால்வாய்களில் விட்டது.

அவர்கள் எதை நம்பி விட்டார்கள் என்பதுதான் முக்கியம். வடக்கே போகப் போகக் குளிர்காலத்தில் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும், அங்கே இந்த மீன் பிழைக்காது. கிழக்கிலும் தெற்கிலும் கடல், உப்புத் தண்ணீரில் நிற்காது. ஆக, இயற்கையே இரண்டு பக்கமும் வேலி போட்டிருந்தது. அந்த வேலி இன்றுவரை பிடித்து நிற்கிறது. 2010 ஜனவரியில் கடுங்குளிர் வந்தபோது கால்வாய்களில் நிறைய பீகாக் பாஸ் செத்து மிதந்தன. மிஞ்சியவை பிறகு பெருகின. இப்போது அங்கே ஒருவர் ஒரு நாளைக்கு 2 மீன்தான் வைத்துக்கொள்ளலாம், அதிலும் 17 அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான் என்று விதி போட்டு அந்த மீனைப் பாதுகாக்கிறார்கள்.

அப்படியானால் ஜிலேபி ஒழிந்ததா? இல்லை. இன்றும் அந்தக் கால்வாய்களில் ஜிலேபி இருக்கிறது. பீகாக் பாஸ் கொஞ்சம் குறைத்தது, அவ்வளவுதான். 'தின்று ஒழித்துவிடும்' என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1985-ல் அதே மாநிலத்தின் கிழக்குக் கடலில், டேனியா பீச் என்ற ஊருக்கு அருகே முதல் சிங்கமீன் தென்பட்டது. அதை எந்தத் துறையும் விடவில்லை. எந்த ஆய்வும் நடக்கவில்லை. அழகுக்காக வீட்டுத் தொட்டியில் வளர்த்தவர்கள் வேண்டாமென்று கடலில் விட்டதால் வந்தது என்றே அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். பதினைந்து ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 2000-க்குப் பிறகு பரவல் வேகம் பிடித்தது. 2004-ல் பஹாமாஸ் தீவுகள், பிறகு கரீபியன் கடல் முழுவதும், 2010 வாக்கில் மெக்சிகோ வளைகுடா, அதற்கும் பிறகு பிரேசில் கரை.

இங்கே வேலி எதுவும் இல்லை. முட்டையும் குஞ்சும் வாரக்கணக்கில் கடல் நீரோட்டத்தில் மிதந்து போகும். அந்தக் கடலின் சிறு மீன்களுக்கு இப்படி ஒரு வேட்டைக்காரனைப் பார்த்துப் பழக்கமில்லை, விலகி ஓடத் தெரியவில்லை. பஹாமாஸில் சிறு பாறைத் திட்டுகளில் ஒரே ஒரு சிங்கமீனை விட்டு ஐந்து வாரம் சோதித்தபோது, அங்கே புதிதாக வந்து சேரும் மீன்குஞ்சுகளின் எண்ணிக்கை 79 சதவீதம் குறைந்தது. அங்கேயே வேறொரு ஆய்வில், சிங்கமீன் பெருகிய பாறைகளில் இரண்டே ஆண்டுகளில் இரை மீன்களின் மொத்த எடை 65 சதவீதம் குறைந்திருந்தது.

இப்போது அந்த அரசுகள் சிங்கமீனைப் பிடிக்கச் சொல்லிப் போட்டி நடத்துகின்றன. ஃபுளோரிடாவில் எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம், கட்டுப்பாடு இல்லை. உணவகங்களிலும் சமைக்கிறார்கள். ஆனாலும் பொழுதுபோக்காக மூழ்குபவர்கள் சுமார் 40 மீட்டர் ஆழம் வரைதான் போக முடியும். சிங்கமீன் 300 மீட்டர் ஆழத்திலும் இருக்கிறது. மேலே பிடித்துத் தீர்த்தாலும் கீழே இருப்பது மறுபடி வரும். இனி அந்தக் கடலிலிருந்து அதை முழுதாக எடுக்க முடியாது.

இவ்வளவு நாசத்துக்கும் அதன் விஷமுள் காரணம் அல்ல. முள் அதைத் தின்ன வருபவரிடமிருந்து காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். நாசம் செய்தது அதன் வாய். விஷமுள்ள இதே மீன் தன் சொந்தக் கடலில் யாருக்கும் தொல்லையில்லாமல் குறைந்த எண்ணிக்கையில்தான் வாழ்கிறது.

விஷமில்லாத மீன் செய்தது

'அப்படியானால் பீகாக் பாஸ் நல்ல பிள்ளைதானே, ஃபுளோரிடாவில் கட்டுக்குள்தானே இருக்கிறது?' என்று கேட்கலாம். அதற்குப் பனாமா நாட்டுக்குப் போக வேண்டும்.

பனாமா கால்வாய்க்காக சாக்ரஸ் ஆற்றைத் தடுத்து உண்டாக்கிய பெரிய ஏரி கட்டூன். அங்கே ஒரு குட்டையில் வளர்த்துவந்த பீகாக் பாஸ் 1967 வாக்கில் தப்பி ஆற்றில் கலந்து ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. சில ஆண்டுகளிலேயே ஏரியில் சாதாரணமாகக் காணப்பட்ட 8 உள்ளூர் மீனினங்களில் 6 இனங்கள் அநேகமாக இல்லாமல் போய்விட்டன. அந்த மீன்களை நம்பியிருந்த மீன்கொத்தி, கொக்கு போன்ற பறவைகளும் குறைந்தன. கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களும் போய்விட்டதால், கொசுவும் மலேரியாவும் எப்படி மாறும் என்ற கேள்வியையும் ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். ஜாரெட், பெய்ன் என்ற இரு அறிவியலாளர்கள் 1973-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 45 ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோதும், அந்த ஏரியின் உள்ளூர் மீன் வளம் பழையபடி திரும்பவில்லை.

பிரேசிலிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. அமேசானில் பிறந்த இந்த மீனை, அதே நாட்டின் தெற்கே பரானபனேமா ஆற்றில் உள்ள ரொசானா அணைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டே ஆண்டுகளில் உள்ளூர்ச் சிறு மீன்களின் அடர்த்தி 95 சதவீதம் குறைந்தது. நாடு ஒன்றுதான். ஆனால் ஆறு வேறு, அந்த ஆற்று மீன்களுக்கு இந்த வேட்டைக்காரன் புதியவன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரே பீகாக் பாஸ் ஃபுளோரிடாவில் வேலிக்குள் நின்றது, பனாமாவில் ஏரியைக் காலி செய்தது. ஒரே சிங்கமீன் நம் கடலில் அமைதியாக இருக்கிறது, அட்லாண்டிக் கடலில் நாசம் செய்கிறது. ஆக, ஒரு மீன் ஆபத்தானதா என்று கேட்டால் மட்டும் போதாது. நாம் விடும் தண்ணீரில் அதற்கு வேலி உண்டா, விட்ட பிறகு திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

நம் ஊரில் வேலி உண்டா?

ஃபுளோரிடாவில் பீகாக் பாஸைக் கட்டிவைத்தது குளிர். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளை விட்டுவிட்டால், நம் சமவெளிகளில் மார்கழி அதிகாலையில்கூட குட்டைத் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் அதற்கு வசதியான வெப்பம். அந்த வேலி நமக்குக் கிடையாது.

'என் குட்டை தனிக் குட்டை, எங்கே போய்விடும்?' என்று நினைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் பெரிய மழை பெய்தால் என்ன ஆகிறது? குட்டை நிரம்பி வழிகிறது. வழிந்த தண்ணீர் வாய்க்காலுக்கு, வாய்க்கால் கண்மாய்க்கு, கண்மாய் கலங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்கு, கடைசியில் ஆற்றுக்கு. நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாகத்தான் வெட்டி வைத்தார்கள். தண்ணீருக்கு நல்லதான அந்தச் சங்கிலி, வேண்டாத மீனுக்கும் வழி. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு, அமேசானின் அரபைமா, அமெரிக்காவின் முதலைமூக்கு மீன் போன்றவை அங்கே ஆறுகளில் மீனவர் வலையில் சிக்கின. வளர்ப்பிடங்களிலிருந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை அவை.

கண்மாயில் அது போய்ச் சேர்ந்தால் முதலில் போவது அயிரை, கெண்டைப்பொடி, குரவைக் குஞ்சு, விரால் குஞ்சு. சந்தையில் விலை கொடுத்து மீன் வாங்க முடியாத வீட்டுக்கும் மழைக்காலத்தில் குழம்புக்கு மீன் தருவது இவைதான். கண்மாய் மீன்பாசி ஏலம் எடுப்பவர் விடும் கெண்டைக் குஞ்சுகளும் தப்பாது. விட்டவர் ஒருவர், நட்டம் ஊருக்கு.

ஜிலேபியே இதற்குச் சாட்சி. அதுவும் 1952-ல் நல்ல எண்ணத்தோடு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன்தான். விறகுக்கு உதவும் என்று வந்த சீமைக்கருவேலத்தின் கதையும் உங்களுக்குத் தெரியும்.

எதிரியை வரவழைப்பது எப்போதும் தவறா?

இல்லை. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர்ப் பகுதியில் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது போல ஆக்கியது நினைவிருக்கும். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். பெங்களூருவில் தனிமைப்படுத்திச் சோதித்து, பிறகு நம் வயல்களில் விட்டார்கள். மருந்துக்கு அடங்காத பூச்சி அடங்கியது.

அந்தக் குளவிக்கும் பீகாக் பாஸுக்கும் என்ன வேறுபாடு? அந்தக் குளவி அந்த மாவுப்பூச்சியை நம்பித்தான் வாழ்கிறது. பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். வேறு பயிருக்கோ தேனீக்கோ தொல்லை இல்லை. அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். பீகாக் பாஸுக்கு ஜிலேபியும் ஒன்றுதான், நீங்கள் காசு கொடுத்து வாங்கி விட்ட கட்லாக் குஞ்சும் ஒன்றுதான். ஜிலேபி தீர்ந்தால் அடுத்தது உங்கள் கெண்டை.

வெளிநாட்டு மீனினத்தை நாட்டுக்குள் கொண்டுவர மத்திய அரசின் அனுமதி வேண்டும். வண்ணமீன் தொட்டியில் ஒரு மீன் விற்பனைக்கு இருக்கிறது என்பதற்காக அதைக் குட்டையில் விடலாம் என்று பொருள் இல்லை.

ஜிலேபிக்கு என்ன செய்யலாம்?

முதலில் அதன் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். நான்கு தாய் மீன் மிஞ்சினாலும் மறுபடி குட்டை நிரம்பும். அதனால் அரைகுறை வேலை பயன் தராது.

1. கெண்டைகளைப் பிடித்து விற்ற பிறகு, கோடையில் குட்டையை முழுதாக வற்றவைத்து, தரை வெடிப்பு விடும்வரை காயப்போடுங்கள். ஒரு மூலையில் சேற்றுக் குழி நின்றாலும் அதில் ஜிலேபி உயிரோடு இருக்கும்.

2. முழுதாக வற்றவைக்க முடியாத குட்டைக்கு இலுப்பைப் பிண்ணாக்கு. ஒரு சென்ட் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 10 கிலோ என்பது கணக்கு. தண்ணீரை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு பிண்ணாக்கு மிச்சம். ஊறவைத்துக் கரைத்து, குட்டை முழுவதும் சமமாகத் தெளித்து, வலை இழுத்து மேலே வரும் மீன்களை அகற்றுங்கள். நல்ல மீனும் சேர்ந்து சாகும் என்பதால், வளர்ப்பு மீன் இருக்கும்போது போடக்கூடாது. நஞ்சு வீரியம் இரண்டு, மூன்று வாரம் இருக்கும். அதன் பிறகு அதுவே குட்டைக்கு உரமாகும். குஞ்சு விடும் முன், சில மீன்களை அந்தத் தண்ணீரில் சிறு வலைக்குள் விட்டு ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. தண்ணீர் வரும் மடையிலும் போகும் வழியிலும் நுண்கண் வலை கட்டுங்கள். ஜிலேபி பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீரோடும், கலப்படமான குஞ்சுகளோடும்தான் வருகிறது. குஞ்சு வாங்கும்போது ஒரு குவளையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

4. தின்னும் மீன்தான் வேண்டும் என்றால் நம் விரால் இருக்கிறது. ஜிலேபிக் குஞ்சை நன்றாகத் தின்னும், சந்தையில் விலையும் கூடுதல். தப்பிக் கண்மாய்க்குப் போனாலும் அது அங்கே பிறந்த மீன்தான். கெண்டைக் குஞ்சுகள் விராலின் வாயில் அடங்காத அளவுக்கு வளர்ந்த பிறகே விரால் குஞ்சுகளை விட வேண்டும்.

5. இன்னொன்று கொடுவா. இதுவும் நம் கரையோர மீன். நன்னீரிலும் வளரும், ஆனால் உப்புநீர் இல்லாமல் இனப்பெருக்கம் செய்யாது. நீங்கள் விட்ட எண்ணிக்கைதான் குட்டையில் இருக்கும், பெருகாது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே இதன் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. ஒன்றையொன்று தின்னும் குணம் உண்டு என்பதால், ஒரே அளவுக் குஞ்சுகளாகப் பிரித்து விட வேண்டும்.

விரால், கொடுவா எத்தனை விடலாம் என்பது உங்கள் குட்டையின் பரப்பு, ஆழம், உள்ளே இருக்கும் மீனின் அளவைப் பொறுத்தது. மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலோ, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களிலோ குட்டை அளவைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையொட்டி வந்த மற்ற கேள்விகள்

கேள்வி: வாய்க்காலில் மீன் பிடிக்கும்போது தேளி முள் குத்திவிட்டது. என்ன செய்வது?

பதில்: முள் துண்டு வெளியே தெரிந்தால் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிறகு, பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில், அதாவது 45 டிகிரிக்கு மேற்படாத சூட்டில், குத்திய கையையோ காலையோ 30 முதல் 90 நிமிடம் வைத்திருங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. அதனால் நல்ல கையை விட்டுப் பார்த்து வெந்துபோகாத சூடுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சூடு ஆறினால் மாற்றுங்கள். சுண்ணாம்பு தடவுவது, கயிறு கட்டுவது, கீறிவிடுவது வேண்டாம். வலி குறைந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ரணஜன்னி ஊசி தேவையா என்று கேளுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. கடலில் சிங்கமீன் முள் குத்தினாலும் இதே முதலுதவிதான். செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும், கவனம்.

கேள்வி: பிள்ளைகள் வளர்த்த தொட்டி மீன்கள் பெரிதாகிவிட்டன. கொல்ல மனமில்லை. கிணற்றிலோ ஏரியிலோ விடலாமா?

பதில்: கூடாது. அட்லாண்டிக் கடலில் சிங்கமீன் பரவியதே இப்படி ஒரு இரக்கத்தில்தான். நம் ஏரிகளில் வலையைக் கிழிக்கும் சக்கர் மீனும் தொட்டியிலிருந்து வந்ததுதான். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே பீகாக் பாஸ் குஞ்சுகளைக் குட்டையில் விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்ய?

பதில்: மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடுங்கள். குட்டை நிரம்பி வழிவதற்கு முன்பு தண்ணீரை இறைத்து, இறைக்கும் குழாயின் வாயில் வலை கட்டி, முழுதாக வற்றவைத்து எல்லாவற்றையும் பிடியுங்கள். பிடித்ததை உயிரோடு யாருக்கும் கொடுக்காதீர்கள், வேறு நீரில் விடாதீர்கள். உண்ணத் தகுந்த மீன்தான், சமைத்துச் சாப்பிடலாம். மீன்வளத்துறைக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மீன்வளத்துறை பரிந்துரைக்கும் கிஃப்ட் திலேப்பியாவும் வெளிநாட்டு மீன்தானே? அதை மட்டும் வளர்க்கலாமா?

பதில்: அதற்கு அனுமதியும் விதியும் இருக்கிறது. பதிவு செய்த பண்ணையில், துறை சொல்லும் இடத்திலிருந்து ஆண் குஞ்சுகளாக வாங்கி, வெளியே தப்பாதபடி வலை, கரைப் பாதுகாப்போடு வளர்க்க வேண்டும். பதிவு செய்யாமல், எங்கோ வாங்கிக் குட்டையில் போடுவது வேறு. அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி கேட்ட வாசகர் குஞ்சு வாங்கக் காசு கொடுக்கும் முன் எழுதிக் கேட்டது நல்லது. இனி யாராவது ஒரு புதிய மீனையோ செடியையோ பூச்சியையோ காட்டி 'இதற்கு விஷம் கிடையாது' என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள். குட்டை நிரம்பி வழிந்தால் இது எங்கே போகும், அங்கே எதைத் தின்னும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வாங்காதீர்கள்.